ஃப்ளை ஃபிஷிங்: தனியாகப் போவது நல்லதா, நண்பர்களோடு போவது நல்லதா?

கேள்வி: புதுவீச்சு

அனைவருக்கும் வணக்கம். செயற்கை ஈயைக் கட்டி வீசி ட்ரவுட் மீன் பிடிக்கும் இந்தக் கலையைக் கற்கத் தொடங்கி எனக்கு இரண்டு பருவங்கள் முடிந்துவிட்டன. முதல் பருவம் முழுவதும் ஒன்பது அடிக் கோலையும் ஐந்தாம் எண் லைனையும் (லைன் என்பது வீசும் தூண்டில் கயிறு, எண் அதன் எடையளவு) வைத்துக்கொண்டு மீன்களைவிட மரக்கிளைகளையே அதிகமாகப் பிடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பருவத்தின் பாதியில்தான் என் ஈ நீரின்மேல் இயல்பாக மிதந்து போகத் தொடங்கியது. அதன்பின் சிறிய ட்ரவுட்கள் சில என் கைவலைக்குள் வந்து, திரும்பவும் ஆற்றுக்குள் போயின.

இத்தனை நாளும் நான் தனியாகவே போய்வந்தேன். கூட வர ஆள் இல்லாததால் நேர்ந்ததே தவிர, தனிமையை நான் தேடிப் போகவில்லை. ஆனால் நாளடைவில் அது பிடித்துப்போய்விட்டது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது திரும்புவது என எதற்கும் யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

இப்போது என் நெருங்கிய நண்பர்கள் இருவர் அடுத்த முறை தாங்களும் வருவதாகச் சொல்கிறார்கள். ஒருவர் புழுவும் மிதவையும் கட்டி ஏரியில் மீன் பிடித்துப் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர். மற்றவர் தூண்டிலைக் கையால் தொட்டதே இல்லை. மறுக்க மனம் வரவில்லை, முழு மனத்தோடு அழைக்கவும் முடியவில்லை. நான் போகும் ஓடை பல இடங்களில் ஐந்தாறு தப்படி அகலம்தான். அதில் ஒரு மடுவுக்கு அருகே நான் ஒருவன் தவறாகக் கால் வைத்தாலே மீன்கள் சிதறி ஓடுகின்றன. மூவர் போனால் என்ன மிஞ்சும் என்று தோன்றுகிறது. மறுபக்கம், சென்ற மாதம் முழங்கால் அளவு நீரில் பாசி படிந்த கல்லில் வழுக்கி விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்து நின்றபோது சுற்றிலும் ஒருவரும் இல்லை என்பது முதல்முறையாக உறைத்தது. லைனை முதலில் முதுகுப்புறமாக எறியும் என் பின்வீச்சில் ஏதோ பிழை இருப்பதும் தெரிகிறது, அதைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

நீண்ட காலம் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தில் எது மேல் என்று கருதுகிறீர்கள்? நண்பர்களோடு போவதென்றால் அதை எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள்?

மறுமொழி: கரைநடை

நண்பரே, நான் பெரும்பாலும் தனியாகப் போகிறவன். ஆகவே என் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடுகிறேன். நண்பர்கள் பேசினால் மீன் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் எழும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே இறங்குகிறது. கரையில் நின்று இயல்பாகப் பேசுவதால் ட்ரவுட்டுக்குக் கேடில்லை. காலடி அப்படிப்பட்டது அன்று. மண் அதிர்வதும், காலணிக்கடியில் கல்லோடு கல் உரசுவதும் நீருக்குள் நன்றாகப் பரவும். மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு அருகில் எழும் நீரசைவை உடனே கண்டுகொள்ளும். எனவே உங்கள் நண்பர்களின் வாய்க்கு அஞ்ச வேண்டாம், கால்களுக்கு அஞ்சுங்கள்.

அடுத்தது பார்வை. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். மிதந்து வரும் இரை அதன் முகத்துக்கு நேரே வந்து சேர வேண்டும் அல்லவா? வெளியுலகம் அதற்கு ஒரு வட்டமான பலகணி வழியாகத்தான் தெரிகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், சுமார் 97 பாகை அகலமுள்ள கூம்புக்குள் மேலுலகம் முழுவதும் அடங்கிவிடுகிறது. மீன் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்த வட்டத்தின் விட்டம் இரண்டே கால் மீட்டருக்குச் சற்று மேல். கரையில் தாழ்ந்திருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரியும். நிமிர்ந்து நிற்கும் ஆள் தெளிவாகத் தெரிவார். ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து குனிந்து, மீனின் முதுகுப் பக்கமாக அணுகுவது இதனால்தான். தனி ஆள் குனிந்து போவது எளிது. இரண்டாமவர் எங்கே நிற்கிறார், நிமிர்ந்துவிட்டாரா, அவர் நிழல் எங்கே விழுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டே போனால் கவனம் இரண்டாகப் பிரிகிறது.

தனிமையின் உண்மையான பயன் காலத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஒரு மடுவை அடைந்ததும் நான் பதினைந்து இருபது நிமிடம் கோலைத் தொடாமல் உட்கார்ந்துவிடுவேன். நீரில் கிடக்கும் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்பருவம் எந்த நிறம், எந்த அளவு என்று பார்ப்பேன். நீர்ப்பரப்பில் எழும் வளையத்தைப் பார்ப்பேன். மீனின் மூக்கு வெளியே தெரிந்தால் அது மேலே மிதக்கும் பூச்சியை உண்கிறது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்தால் பரப்புக்குச் சற்றுக் கீழே, இன்னும் இறகு விரிக்காத பூச்சியை உண்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மிதக்கும் ஈயையே மணிக்கணக்கில் வீசிய நாட்கள் எனக்கும் உண்டு. உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கு மற்றொரு கொக்கோடு சேர்ந்து காத்திருப்பதை நான் அதிகம் கண்டதில்லை. நண்பர் ஒருவர் அருகில் இருந்தால் அந்த இருபது நிமிடம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார்; அவரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் நமக்குள்ளேயே எழும்.

எண்ணிக்கையும் ஒரு தொல்லை. கீழ்மடுவிலிருந்து நண்பர் ‘மூன்று’ என்று விரலைக் காட்டிய கணத்தில், அதுவரை நிறைவாக இருந்த என் நாள் குறைபட்டுப்போகிறது. இது என் சிறுமை என்று தெரியும், தெரிந்தும் தீரவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. நான் இன்றும் நினைத்து நினைத்துச் சொல்லும் நாட்களில் பாதிக்கு மேல், யாராவது உடன் வந்த நாட்கள்தான்.

மறுமொழி: பழந்தூண்டில்

நீங்கள் வழுக்கி விழுந்ததை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது உங்கள் கால்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவில் விளையாட்டாக இருக்கும் நீர், தொடையைத் தாண்டினால் உங்களைத் தூக்கிவிடும். தனியாகப் போகும் நாளில் தொடைக்கு மேல் இறங்குவதில்லை என்பதை நான் மாறாத விதியாகவே வைத்திருக்கிறேன். அக்கரையில் எத்தனை பெரிய மீன் எழும்பினாலும் சரி. ஊன்றுகோலை மேற்பக்கம் ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி, பக்கவாட்டில் காலைத் தூக்காமல் நகர்த்தி நகர்த்திப் போக வேண்டும். நீர் புகாத மார்பளவு உடை அணிந்திருந்தால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். அந்த உடைக்குள் நீர் புகுந்தால் ஆளை ஆழத்துக்கு இழுத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. நீருக்குள் இருக்கும்வரை அந்த நீருக்குத் தனி எடை இல்லை. கரையேறும்போதுதான் மலையைச் சுமப்பதுபோல் இருக்கும், களைத்தவரால் அப்போது எழ முடியாமல் போகும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி மிதந்து, வேகம் குறையும் இடத்தில் கரைநோக்கித் துழாவுங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் சிக்கும் ஆபத்து உண்டு.

இருவராக இருந்தால் இதன் கணக்கே மாறுகிறது. இருவரும் ஒருவரையொருவர் இறுகப் பற்றி, நீரோட்டத்துக்கு இணையாக ஒருவர் பின் ஒருவராக நின்று, வலுவுள்ளவர் மேற்பக்கம் நின்று நீரை உடைக்க, மற்றவர் அவருக்குக் கீழே நகர்ந்தால், தனி ஆள் நினைத்துப் பார்க்கக் கூடாத இடத்தைக்கூடக் கடக்கலாம். கடக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

தூண்டில் முள் குத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்வீச்சில் காற்று திசை மாறினால் ஈ உங்கள் பின்கழுத்திலேயே வந்து தைக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு கையால் அதை எடுக்க முயன்று பாருங்கள், அப்போது நண்பரின் அருமை புரியும். பின்முள் (நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முள்ளையே கட்டுங்கள்; அது மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் கோலை எடுக்காதீர்கள். கண்ணிலோ கண்ணருகிலோ முள் தைத்தால் நண்பர் உட்பட எவரும் அதைத் தொடக் கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

தனியாகப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் போகிறேன். எந்தப் பகுதிக்குப் போகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன், அதற்குமேல் எவ்வளவு நேரம் பொறுத்து என்னைத் தேட வேண்டும் என்பதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். கழுத்தில் ஊதல் ஒன்று தொங்கும். இருட்டிய பிறகு தனியாக ஆற்றில் இறங்குவதை அடியோடு விட்டுவிட்டேன், அந்திப் பொழுதுதான் மீன் அதிகம் எழும்பும் நேரம் என்று தெரிந்தே விட்டுவிட்டேன்.

மறுமொழி: மடுவோரம்

கேள்வியை நீங்கள் ‘தனியாகவா, கூட்டாகவா’ என்று பிரித்துவிட்டதால் இடையில் இருக்கும் ஒரு வழி கண்ணில் படவில்லை. இரண்டு பேர் போங்கள். ஒரே ஒரு கோலை எடுத்துப் போங்கள்.

சிரிப்பாகத் தோன்றலாம். நானும் ஒரு நண்பரும் ஆண்டுக்கணக்கில் சிறு ஓடைகளில் இப்படித்தான் பிடிக்கிறோம். தொடக்கத்தில் அது நாங்கள் விரும்பிச் செய்த ஏற்பாடும் அன்று. அவருடைய கோல் நுனியில் ஒடிந்துபோன நாளில் வேறு வழியில்லாமல் தொடங்கியது. அன்று மாலைக்குள் இருவருக்கும் விளங்கிவிட்டது. ஐந்தாறு தப்படி அகலமுள்ள நீரில் இரண்டு கோல்களுக்கு ஒருபோதும் இடமிருந்ததில்லை, இரண்டு பேருக்கு மட்டும் எப்போதும் இடமிருந்திருக்கிறது.

முறை எளிது. ஒருவர் வீசுவார், மற்றவர் பார்ப்பார். மீன் கிடைத்தாலோ, கடித்த மீனைத் தவறவிட்டாலோ, மடுவையே கலைத்துவிட்டாலோ கோல் கைமாறும். எதுவும் நடக்காவிட்டால் கால் மணி நேரத்தில் கைமாறும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும் என்பதைப் பட்டுத்தான் கற்றோம்.

பார்ப்பவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வீசுகிறவர் நீர்மட்டத்தில் குனிந்து நிற்பதால் அவர் கண்ணுக்குப் பெரும்பாலும் நீர்ப்பளபளப்புதான் தெரியும். பார்ப்பவர் கரையில் சற்று உயரமான இடத்தில், புதர் மறைவில், நீர்ப்பளபளப்பை அடக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்து நின்றால் அடிமணல் வரை தெரியும். ‘வெள்ளைக் கல்லுக்கு ஒரு கோல் நீளம் மேலே, உன் இடப்பக்கம், இப்போது வலப்பக்கம் நகர்ந்து எதையோ தின்றது’ என்று அவர் சொல்லச் சொல்ல மற்றவர் வீச வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: இடம், வலம் என்பது எப்போதும் வீசுகிறவரின் இடம், வலமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில் நின்று பார்ப்பவர் தம் இடப்பக்கத்தைச் சொல்லி, நல்ல மீன்கள் எங்களிடமிருந்து தப்பியிருக்கின்றன. கடலோர ஆழமற்ற நீரில் படகிலிருந்து ஈ வீசுகிறவர்கள் இதற்காகவே கடிகார முறையை வைத்திருக்கிறார்கள். படகின் முனை பன்னிரண்டு மணி. ‘பத்து மணித் திசையில், நாற்பது அடியில்’ என்றால் குழப்பமே இல்லை. பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டப்பட்டு ஆழத்தில் உருளும் நிம்ஃப் வகை ஈயை மீன் வாயில் வாங்கித் துப்புவதுகூட மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். வாய்க்குள் ஒரு வெண்மை மின்னி மறையும். லைன் அசைவதற்கு முன்பே ‘இழு’ என்று அவர் சொல்லிவிடுவார்.

உங்கள் பின்வீச்சுக்கும் மருந்து இதில்தான் இருக்கிறது. ஈக்கு எடையே இல்லை. உண்மையில் நாம் வீசுவது லைனின் எடையைத்தான். உங்கள் ஐந்தாம் எண் லைனின் முதல் முப்பது அடி சுமார் 9 கிராம். அந்த 9 கிராம் பின்னால் முழுவதும் நீண்டு விரிந்த பிறகுதான் முன்வீச்சைத் தொடங்க வேண்டும். அது விரிந்ததா என்பது முன்னோக்கி நிற்கும் உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் கோலைப் பின்னால் அளவுக்குமேல் சாய்த்துவிடுகிறார்கள், அதனால் லைன் தாழ்ந்து புல்லில் படுகிறது. முன்வீச்சில் திடீரென்று வலுவைக் காட்டினால் கோலின் நுனி கீழே தாழ்ந்து எழுவதால், லைன் தன்னையே குறுக்கிட்டுக்கொண்டு முடிச்சு விழுகிறது. நீங்கள் தனியாக இரண்டு பருவங்களில் திருத்த முடியாததை நண்பர் அரைநாளில் சுட்டிக்காட்டக்கூடும், ஏரித்தூண்டில்காரராக இருந்தாலும் சரி. அவர் அறிவுரை சொல்லத் தேவையில்லை, ‘லைன் விரிந்தது’, ‘விரியவில்லை’ என்று மட்டும் சொன்னால் போதும். அதற்குமேல் சொல்ல அனுமதிக்கவும் கூடாது. கேட்காமல் வரும் அறிவுரையால் முறிந்த தூண்டில் நட்புகள் நிறைய உண்டு.

மீனை விடுவிக்கும்போது இரண்டாமவரின் அருமை இன்னும் கூடுதல். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை விரட்டப்பட்ட ரெயின்போ ட்ரவுட்களில் நீரைவிட்டு வெளியே எடுக்கப்படாதவற்றில் 88 சதவீதம் 12 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 சதவீதமும், 60 வினாடி வைக்கப்பட்டவற்றில் 28 சதவீதமும்தான் பிழைத்தன. ஆற்றில் நிலைமை அவ்வளவு கடுமையாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் திசை தெளிவு. தனி ஆள் ஒரு கையில் கோல், ஒரு கையில் வலை, பல்லில் இடுக்கி என்று தடுமாறி, படம் எடுக்கக் கைப்பேசியையும் தேடும்போது அந்த 30 வினாடி எளிதாகப் பறிபோகிறது. இருவர் இருந்தால் ஒருவர் வலையை நீருக்குள்ளேயே பிடித்திருக்க, மற்றவர் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்துவிடுவார்.

பழைய செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் டவ் ஆற்றங்கரையில் 1674-இல் கட்டப்பட்ட சின்னஞ்சிறு மீன்பிடிக் குடில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதைக் கட்டியவர் வாசலின் மேல் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தம் தூண்டில் நண்பரின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்கவைத்தார். அப்போது அந்த நண்பருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கட்டியவர் நாற்பதுகளில் இருந்தார். தந்தையும் மகனும் போன்ற வயது இடைவெளியை ஓர் ஆறு நிரப்பியிருக்கிறது.

மறுமொழி: இடக்கையன்

ஓடையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டதால் நான் ஏரிப் படகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் இடக்கைக்கு உலகத்தில் மதிப்புள்ள ஒரே இடம் அதுதான்.

காற்றின் போக்கில் படகைப் பக்கவாட்டில் மிதக்கவிட்டு, முன்னே காற்றுப் போகும் திசையில் இருவர் ஈ வீசுவது வழக்கம். வலக்கைக்காரர் இருவர் அமர்ந்தால், இடக் கோடியில் இருப்பவரின் லைன் ஒவ்வொரு வீச்சிலும் படகின் நடுவே, மற்றவரின் தலைக்கு மேலாகப் போகும். இடக் கோடியில் இடக்கைக்காரர் அமர்ந்தால் இரண்டு லைன்களும் படகுக்கு வெளியே போய்விடும். நான் திறமையானவன் என்பதற்காக யாரும் என்னைப் படகுக்கு அழைப்பதில்லை. இடக்கைக்காரர் கிடைக்காவிட்டால் இடக் கோடியில் இருப்பவர் கோலை இடத் தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசப் பழக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வீசுவதையும் தவிர்க்க வேண்டும். ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது, மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது.

இன்னொன்று. உலக ஃப்ளை ஃபிஷிங் போட்டி 1981 முதல் நடக்கிறது. நாடுகள் ஐந்து பேர் கொண்ட அணிகளாகக் கலந்துகொள்கின்றன. அணி என்றாலும் ஆற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கப்படுகிறது, மூன்று மணி நேரம் அவர் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். மாலையில் ஒன்றுகூடி எந்த ஈ வேலை செய்தது என்று பகிர்ந்துகொள்வதில்தான் அணி இருக்கிறது. உங்களுக்கும் அது பயன்படலாம். பெரிய ஆறாக இருந்தால் காலையில் பிரிந்து போய், நண்பகலில் ஒரு பாறையருகே சந்தித்து, யார் எதைக் கண்டார் என்று பேசிக்கொள்ளுங்கள். நான் மிதக்கும் ஈயோடு வெறுங்கையாக வந்து, நண்பர் பரப்புக்கு அடியில் வீசிய ஈயைப் பற்றிக் கேட்டுப் பிற்பகலைக் காப்பாற்றிக்கொண்டது பலமுறை நடந்திருக்கிறது.

மறுமொழி: புதுவீச்சு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் ஏரித்தூண்டில் நண்பரை மட்டும் அழைத்துக்கொண்டு, ஒற்றைக் கோலோடு போய்வந்தேன். நடந்ததை எழுதுவது முறை என்று தோன்றியது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே இல்லை. அவர் கையில் கோல் இருக்கும்போதெல்லாம் ‘இது என் இடம், இங்கே எப்படி வீசுவது என்று எனக்குத் தெரியும்’ என்ற எண்ணம் என்னைக் குடைந்தது. நான் நான்கு முறை வாயைத் திறந்து நான்கு முறையும் அறிவுரைதான் சொன்னேன். மடுவோரம் அவர்கள் எச்சரித்தது என் நண்பரைப் பற்றி. அது எனக்குத்தான் பொருந்தியது.

அதன்பின் நடந்தது வேறு. நான் எப்போதும் ஆற்றில் இறங்கும் ஓர் இடம் உண்டு. கணுக்கால் அளவு நீர், வேர்கள் தொங்கும் கரை. அங்கே இறங்கித்தான் நடுவிலுள்ள மடுவுக்கு வீசுவேன். நான் இறங்கப்போனபோது கரைமேல் நின்ற நண்பர் ‘நில்’ என்றார். நான் காலை வைக்கவிருந்த இடத்திலிருந்து ஒரு கை தொலைவில், அந்த வேர்களின் நிழலில், இதுவரை நான் பிடித்த எந்த மீனையும்விடப் பெரிய ட்ரவுட் ஒன்று நின்றிருந்தது. இரண்டு பருவமாக அதை நானே மிதித்து விரட்டிவிட்டு, நடுவில் போய்ச் சிறியவற்றுக்கு வீசியிருக்கிறேன். அன்று அதைப் பிடித்தோமா என்றால் இல்லை. முழங்காலிட்டு வீசிய முதல் வீச்சிலேயே லைன் அதன் தலைமேல் விழுந்து, அது ஆழத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகள் நான் தனியாகப் பிடித்த மீன்களைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன.

பின்வீச்சைப் பற்றியும் தெரிந்துவிட்டது. ‘விரியவில்லை’ என்று அவர் பதினோரு முறை தொடர்ந்து சொன்னார். பன்னிரண்டாம் முறை நான் எரிச்சலில் வேண்டுமென்றே தாமதித்தேன், ‘விரிந்தது’ என்றார்.

இழப்பும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கரைநடை அவர்கள் எழுதியது முற்றிலும் சரி. மாலையில் சிறு பூச்சிகள் கூட்டமாக நீரிலிருந்து எழுவதை நான் வழக்கமாக முதல் பூச்சியிலேயே கவனித்துவிடுவேன். அன்று பேச்சின் நடுவே, மீன்கள் எழும்பி எழும்பித் தின்று முடித்து அடங்கும் நேரத்தில்தான் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். ஆகவே மாதத்தில் சில நாட்களைத் தனிமைக்கென்றே வைத்துக்கொள்வதாகவும், அந்நாட்களில் தொடைக்கு மேல் இறங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தையும் தொடங்கிவிட்டேன்.

எஞ்சியிருப்பது மற்ற நண்பர், தூண்டிலைத் தொடாதவர். அவர் இன்னும் காத்திருக்கிறார். மூவராக ஓடைக்குப் போகலாமா?

மறுமொழி: கரைநடை

ஓடைக்கு மூவர் வேண்டாம். ஒருவர் வீசி ஒருவர் பார்க்கும்போது மூன்றாமவருக்கு வேலை இல்லை, வேலையில்லாத கால்கள் நடந்துகொண்டே இருக்கும். மூவரும் வரத்தான் வேண்டுமென்றால் சற்றுப் பெரிய ஆற்றைத் தேர்ந்தெடுங்கள். ஏரித்தூண்டில் நண்பர் கீழ்ப்பக்கம் ஒரு வளைவைத் தனியாக எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கும் தனிமையின் சுவை தெரியட்டும். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசிவைத்துவிடுங்கள். ஏற்கெனவே அங்கே ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால், அவர் எந்தத் திசையில் போகிறார் என்று கேட்டு, அவர் இன்னும் வீசாத நீரை விட்டு உங்கள் நண்பரை விலகிப் போகச் சொல்லுங்கள்.

புதியவரை முதல் நாளே ஆற்றுக்கு அழைத்துப் போகாதீர்கள். நீரும் மீனும் வழுக்கும் கல்லும் ஒருங்கே சேர்ந்தால் எதையும் கற்க முடியாது. மரமில்லாத புல்வெளியில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் போதும். லைனின் நுனியில் முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல்துண்டைக் கட்டி வீசிப் பழகட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, உங்கள் நண்பர் உங்களுக்குச் சொன்ன அந்த இரண்டு சொற்களை மட்டும் சொல்லுங்கள். நூல்துண்டு செம்மஞ்சள் நிறமாக இருந்தால் புல்லில் தேட எளிது.